‘மீள்சுழற்சி’ என்ற சொல்லும் சீதாகுண்டாவின் சேறும்

தமிழ்ப் பத்திரிகை அலுவலகமொன்றின் மொழிபெயர்ப்பு மேசையில் நீண்டகாலம் இருந்தவர்களுக்கு ஒரு விடயம் தெரியும். ஆங்கிலத்தில் ஒரு சொல் திடீரென்று மாறுகிறது என்றால், அந்த மாற்றத்தால் பயன்பெறுபவர் எங்கோ ஒருவர் இருப்பார். ஆட்குறைப்பு ‘மறுசீரமைப்பு’ ஆனதும் விலையேற்றம் ‘விலைத் திருத்தம்’ ஆனதும் எமது மேசைகளின் ஊடாகத்தான். அந்தச் சொற்களை நாம் ஆக்கவில்லை. ஆனால், அவற்றைத் தமிழுக்குள் அழைத்துவந்து குடியிருத்தியவர்கள் நாமேதான்.

1990களின் முற்பகுதியில் நான் கொழும்பில் தமிழ் நாளிதழ் ஒன்றில் உதவி ஆசிரியராகச் சேர்ந்தபோது, பழைய கப்பல்களைத் துண்டுதுண்டாக வெட்டி இரும்பாக விற்கும் தொழிலுக்கு செய்தி நிறுவனங்கள் ஒரேயொரு பெயரைத்தான் பயன்படுத்தின. கப்பலுடைப்பு. நானும் அப்படியே எழுதினேன். பின்னர் எந்த ஆண்டில் என்று என்னால் அறுதியிட்டுச் சொல்லமுடியவில்லை, அந்தச் சொல் மெல்ல மறைந்து ‘கப்பல் மீள்சுழற்சி’ என்ற சொல் வந்து சேர்ந்தது. இரவுப் பணியில் இருந்த நான் ஒரு கணமும் யோசிக்காமல் அதையும் எழுதினேன். கடதாசியையும் கண்ணாடிப் போத்தலையும் போல கப்பலையும் யாரோ புண்ணியவான்கள் மீள்சுழற்சி செய்கிறார்கள் என்று வாசகர்கள் எண்ணியிருப்பார்கள். அதற்கு நானும் உடந்தை.

இதை இப்போது கிளறுவதற்குக் காரணம் இருக்கிறது. கப்பல்களைப் பாதுகாப்பாகவும் சுற்றுச்சூழலுக்குக் கேடின்றியும் மீள்சுழற்சி செய்வதற்கான ஹொங்கொங் சர்வதேச சாசனம் 2025 ஜூன் 26 ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. 2009 மே மாதம் நிறைவேற்றப்பட்ட ஒரு சாசனம் உயிர்பெறுவதற்கு 16 ஆண்டுகள் சென்றிருக்கின்றன. குறைந்தது 15 நாடுகள் ஏற்கவேண்டும், அவற்றின் கொடியின் கீழ் உலகக் கப்பல் கொள்ளளவின் 40 சதவீதம் இருக்கவேண்டும், கப்பலுடைக்கும் நாடுகளும் போதியளவில் சேரவேண்டும் என்ற நிபந்தனைகள் 2023 ஜூனில் பங்களாதேஷும் லைபீரியாவும் இணைந்தபோதே பூர்த்தியாகின. அதிலிருந்து 24 மாதங்கள் கழித்து சாசனம் அமுலுக்கு வந்ததும் கப்பல்துறையினர் மத்தியில் ஒரே கொண்டாட்டம். புதிய யுகம் பிறந்துவிட்டது என்றார்கள். தமிழ் இணையத்தளங்கள் சிலவும் அந்தப் பாராட்டுரைகளை அப்படியே தமிழாக்கி வெளியிட்டதைக் கண்டேன். அந்தச் சொல்லை ஒருகாலத்தில் நானே தமிழில் பரப்பியவன் என்ற வகையில் மௌனமாக இருப்பது முறையல்ல என்று தோன்றியது.

இந்தச் சாசனம் தடைசெய்யாமல் விட்ட ஒன்று இருக்கிறது. ஆங்கிலத்தில் அதை ‘பீச்சிங்’ என்பார்கள். தமிழில் சொல்வதானால், கப்பலைக் கரையில் ஏற்றுதல். வெள்ளுவா நாளையும் மறைமதி நாளையும் ஒட்டி கடல் உச்சத்துக்குப் பெருகும்போது, இருபத்தைந்து முப்பது வருடங்கள் ஓடிக்களைத்த ஒரு கப்பலை முழு வேகத்தில் கரையை நோக்கிச் செலுத்துவார்கள். அது அடித்தளம் சேற்றில் புதைய ஏறி நின்றுவிடும். நீர் வடிந்ததும், அதாவது கடல் தானாகவே விலகிச்சென்று ஓர் இலவச வேலைத்தளத்தை அமைத்துக் கொடுத்ததும், எரிவாயுச் சுடருடன் தொழிலாளர்கள் ஏறுவார்கள். முகப்பிலிருந்து வெட்டத் தொடங்குவார்கள். வெட்டப்பட்ட பாரிய துண்டுகள் சேற்றில் விழும். இரும்பு வடத்தைக் கட்டி கரைக்கு இழுப்பார்கள். அடுத்த பெருக்கு வந்து, எஞ்சிய எண்ணெய்க் கசடையும், நச்சு வண்ணப்பூச்சின் செதில்களையும், கல்நார்த் தூளையும் அள்ளிக்கொண்டு போகும். நீர் புகாத தளம், பாரம்தூக்கி எட்டும் தூரம், தீயணைப்பு வண்டி நெருங்கிவரும் பாதை எதுவும் அந்த அலைக்கரைச் சேற்றில் சாத்தியமில்லை. உலகில் எந்தவொரு செல்வந்த நாடும் தனது கரையில் இந்த முறையை அனுமதிப்பதில்லை. இந்த ஒரு வசனத்தோடு எனது கட்டுரையை முடித்துக்கொள்ளலாம். ஆனால், மறுபக்க வாதங்களுக்குப் பதில் சொல்லாமல் போவது நேர்மையாகாது.

இந்தியாவில் குஜராத் மாநிலத்தின் அலங், பங்களாதேஷில் சிட்டகொங்குக்கு வடக்கே சீதாகுண்டா, பாகிஸ்தானில் கராச்சிக்கு அப்பால் கதானி ஆகிய மூன்று கரைகளில்தான் உலகக் கப்பல்களின் பெரும்பகுதி மரணிக்கிறது. காம்பே வளைகுடாவில் அலை ஏறி இறங்கும் உயரம் ஏறத்தாழ 10 மீற்றர் என்பதால் 1983 ஆம் ஆண்டில் அலங் தெரிவுசெய்யப்பட்டது. சீதாகுண்டாவின் கதை வேறு. 1960 ஆம் ஆண்டில் வீசிய சூறாவளி கிரேக்கக் கப்பலொன்றை அங்கு கரையில் தூக்கிப்போட்டது. அதைப் பிரித்தெடுத்ததே தொடக்கம் என்பது ஊரார் சொல்லும் வரலாறு. 1971 யுத்தத்தில் சேதமடைந்த பாகிஸ்தானியக் கப்பலொன்று பின்னர் உடைக்கப்பட, அது ஒரு தொழிலாகவே வேர்விட்டது. சீதை நீராடிய குளத்தின் பெயரைத் தாங்கிய ஊர் அது! எமக்கும் இதில் ஒரு பங்குண்டு. மன்னார் வளைகுடாவின் அக்கரையில், இராமநாதபுரம் மாவட்டத்து வாலிநோக்கத்திலும் ஒருகாலத்தில் கப்பல்கள் உடைக்கப்பட்டன.

பிரசெல்ஸைத் தளமாகக்கொண்டு இத்துறையைக் கண்காணிக்கும் தொண்டர் நிறுவனங்களின் கூட்டமைப்பு 2024 ஆம் ஆண்டுக்கு வெளியிட்ட கணக்கின்படி, அவ்வாண்டு உலகெங்கும் உடைப்பதற்கு விற்கப்பட்ட 409 பெரிய கப்பல்களில் 255 தெற்காசியக் கரைகளுக்கே வந்தன. கொள்ளளவில் பார்த்தால் 80 சதவீதம். அதே ஆண்டில் 9 தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். செப்டெம்பர் 7 ஆம் திகதி சிட்டகொங்கில் எண்ணெய்க் கப்பலொன்றில் ஏற்பட்ட வெடிப்பு மாத்திரம் 6 பேரைக் கொண்டுபோனது. எண்ணிக்கை சிறியதல்லவா என்று கேட்கக்கூடும். இது கண்ணெதிரே இறந்தவர்களின் கணக்கு. கல்நார்த் தூளைச் சுவாசித்தவனுக்கு நோய் இருபது, முப்பது வருடங்களுக்குப் பிறகுதான் வரும். அப்போது அவன் தனது கிராமத்தில் இருப்பான். அவனது மரணத்துக்கும் ஒரு கப்பலுக்கும் தொடர்பிருந்ததை எந்தப் பதிவேடும் சொல்லாது.

2016 நவம்பர் முதலாந் திகதி கதானியில் எண்ணெய்க் கப்பலொன்று தீப்பற்றி வெடித்தது. எண்ணெய்த் தாங்கிகளிலிருந்து எரிவாயு முற்றாக அகற்றப்படுவதற்கு முன்னரே சுடரை ஏற்றினால் என்ன நடக்கும் என்பதற்கு எந்த விசாரணைக் குழுவும் தேவையில்லை. குறைந்தது 26 பேர் மாண்டார்கள். அன்றிரவு செய்தி மேசையில் நான்தான் பொறுப்பாக இருந்தேன். உள்பக்கத்தில் ஒற்றைப் பத்தி, எட்டு வரிகள். அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலுக்கு ஒரு வாரம் இருந்தது என்பது எனது சாட்டு. அந்தத் தேர்தலைப் பற்றி அன்று நாங்கள் நிரப்பிய பத்திகளில் ஒரு வரிகூட இன்று நினைவில் இல்லை.

வேறு பத்திரிகையாளர்கள் இப்படி இருக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். அமெரிக்கக் கடற்படையின் கழிவுக் கப்பல்கள் உள்நாட்டிலும் அலங்கிலும் எவ்வாறு உடைக்கப்படுகின்றன என்பதை ‘பால்டிமோர் சன்’ பத்திரிகையின் கரி கோன், வில் இங்லண்ட் ஆகிய இருவரும் நீண்டகாலம் துருவி ஆராய்ந்து 1997 டிசெம்பரில் தொடராக எழுதினார்கள். 1998 ஆம் ஆண்டில் அதற்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. பரிசைவிட முக்கியமானது, அந்தத் தொடரின் பின்னர் அமெரிக்கா தனது பழைய போர்க்கப்பல்களை வெளிநாடுகளுக்கு அனுப்புவதை நிறுத்தவேண்டி வந்தது. எட்டு வரிகளால் அப்படி எதுவும் நடப்பதில்லை.

சரி, மறுபக்கத்துக்கு வருவோம். எனது பல்கலைக்கழகக் காலத்து நண்பர் ஒருவர், இப்போது கனடாவில் வசிப்பவர், என்னிடம் அடிக்கடி சொல்வது இது. “மேற்குலகத் தொண்டர் நிறுவனங்களுக்கு எங்கள் பிராந்தியத்தில் ஒரு தொழில் வளர்வது பிடிக்கவில்லை. அவர்களுடைய நாடுகள் கைவிட்ட இரும்பை எங்கள் ஆட்கள் பொன்னாக்குகிறார்கள். அதைக் கெடுப்பதற்குத்தான் இந்தச் சுற்றுச்சூழல் பாட்டு.” நண்பர் முட்டாள் அல்ல. இந்த வாதத்தில் பாதி உண்மை. பழைய கப்பலின் தகடுகளை உருக்காமலே, சூடாக்கி உருட்டிக் கட்டடக் கம்பிகளாக்கலாம். இரும்புத் தாதைத் தோண்டி, நிலக்கரி எரித்து உருக்குச் செய்வதைவிட அது எவ்வளவோ மேல். பங்களாதேஷின் உருக்குத் தேவையில் பாதிக்கு மேல் இந்தக் கரையிலிருந்தே கிடைத்தது என்று உலக வங்கியின் 2010 ஆம் ஆண்டு அறிக்கை கூறியது. இரும்புத்தாது இல்லாத ஒரு நாட்டுக்கு அது அற்ப விடயம் அல்ல. கப்பலின் சமையலறைப் பாத்திரம் முதல் மின்குமிழ் வரை எதுவுமே வீணாவதில்லை.

அதை நான் நேரிலும் கண்டிருக்கிறேன். 2009 ஆம் ஆண்டின் பிற்பகுதியில் டாக்காவில் நடைபெற்ற ஊடகக் கருத்தரங்கொன்றுக்குச் சென்றபோது, இரண்டு நாள் அதிகமாகத் தங்கி சிட்டகொங்குக்கு பஸ்ஸில் போனேன். கப்பலுடைக்கும் தளங்களுக்குள் பத்திரிகையாளர்கள் நுழையமுடியாது. வாயிற்காவலர்கள் கமராவைக் கண்டாலே விரட்டுவார்கள். ஆகவே, பாட்டியாரி என்ற இடத்தில் நெடுஞ்சாலையோரக் கடைகளில் அலைந்தேன். கிலோமீற்றர் கணக்கில் கடைகள். செம்மஞ்சள் நிற உயிர்காப்பு அங்கிகள் மலையாகக் குவிந்துகிடந்தன. கப்பல் கம்பனிகளின் இலச்சினை பொறித்த பீங்கான் கோப்பைகள், மாலுமிகளின் கட்டில்கள், கழுவுதொட்டிகள், கயிறுகள், ஒரு கடையில் உயிர்காப்புப் படகுகள் மாத்திரம். நோர்வே மொழியில் எழுதப்பட்ட ஓர் அறிவித்தற் பலகையை ஒருவர் தேநீர்க் கடைக்கு வாங்காகப் போட்டிருந்தார். அதில் அமர்ந்துதான் வடபகுதி மாவட்டமொன்றிலிருந்து வந்த ஒரு தொழிலாளியுடன் மொழிபெயர்ப்பாளர் மூலம் பேசினேன். முன்கை முழுவதும் சுட்ட வடுக்கள். அவரிடம் நான் எதிர்பார்த்தது கப்பல் முதலாளிகள் மீதான கோபத்தை. அவருக்குக் கோபம் நீதிமன்றத்தின் மீது. அந்த வருடம் மார்ச் மாதத்தில், சுற்றுச்சூழல் அனுமதியில்லாத தளங்களை மூடுமாறு டாக்கா உயர் நீதிமன்றம் உத்தரவிட்டிருந்தது. வேலை குறைந்துவிட்டது, ஊருக்குப் பணம் அனுப்பமுடியவில்லை என்பது அவரது முறைப்பாடு. எனக்கு அவரிடம் சொல்வதற்கு எதுவும் இருக்கவில்லை. அறையில் திரும்பிவந்து எழுதத் தொடங்கிய கட்டுரையை முடிக்கவுமில்லை.

இப்போது முடிக்கலாம் என்று நினைக்கிறேன். அந்த மனிதரின் வறுமையை யார் யார் தமது வாதத்துக்குச் சாட்சியாக அழைக்கிறார்கள் என்று பாருங்கள். வேலை வேண்டும் என்று அவர் சொன்னதை, கையுறை வேண்டாம் என்று அவர் சொன்னதாக மொழிபெயர்க்கிறார்கள். மனித உரிமைகள் கண்காணிப்பகமும் பிரசெல்ஸ் கூட்டமைப்பும் சேர்ந்து 2023 செப்டெம்பரில் வெளியிட்ட அறிக்கையில், எரியும் இரும்பு சுடாதிருக்கத் தமது காலுறைகளைக் கைகளில் மாட்டிக்கொள்ளும் தொழிலாளர்களைப் பற்றி எழுதியிருந்தார்கள். சட்டையை வாயைச் சுற்றிக் கட்டிக்கொண்டு நச்சுப் புகையிலிருந்து தப்ப முயல்பவர்களைப் பற்றியும், வெறுங்காலுடன் உருக்குத் தகடு சுமப்பவர்களைப் பற்றியும் எழுதியிருந்தார்கள். 2019 ஆம் ஆண்டின் ஆய்வொன்று தொழிலாளர்களில் 13 சதவீதத்தினர் சிறுவர்கள் என்று மதிப்பிட்டதையும் அதில் காணலாம். ஒரு சோடி கையுறையின் விலையால் அழிந்துபோகக்கூடிய தொழிலா இது?

மேற்குலகச் சதி என்ற கதைக்கும் ஒரு பதில் உண்டு. அந்த 2009 தீர்ப்பைப் பெற்றவர் வெள்ளைக்காரர் அல்ல. பங்களாதேஷ் சுற்றுச்சூழல் சட்டத்தரணிகள் சங்கத்தின் சையதா ரிஸ்வானா ஹசன் என்ற பெண். இந்திய உச்ச நீதிமன்றம் உடைக்கவரும் கப்பல்கள் நச்சுப்பொருட்கள் அகற்றப்பட்டு வரவேண்டும் என்று 2003 ஒக்டோபரில் கட்டளையிட்டதும் இந்தியச் செயற்பாட்டாளர்களின் வழக்கில்தான். இதில் மேற்குலகின் நலன் எது என்று தேடினால், அது எதிர்த்திசையில் இருக்கிறது. கரையில் கப்பல் ஏற்றும் முறையால் கொழுத்த இலாபம் பெறுபவர் கிரேக்கத்திலோ ஜேர்மனியிலோ, இன்று சீனாவிலோ ஜப்பானிலோ இருக்கும் கப்பல் உரிமையாளர். அலங்கின் முதலாளி அவருக்கு அடுத்தபடிதான்.

கப்பலுக்கு உடைப்பு விலை அதன் இரும்பின் எடைக்கே கொடுக்கப்படுகிறது. முறையான தளம், கழிவகற்றல், காப்புறுதி, தொழிலாளரின் மருத்துவம் என்று செலவழிக்கும் இடத்தில் விலை குறைவு. எதற்கும் செலவழிக்காத கரையில் விலை அதிகம். தொன்னுக்கு 100 டொலர்தான் வித்தியாசம் என்று வைத்துக்கொண்டாலும், 20,000 தொன் எடையுள்ள கப்பலொன்றில் அது 20 இலட்சம் டொலர். பீங்கான் கோப்பையை விற்ற கடைக்காரருக்கும், முன்கையில் வடுவுள்ள அந்தத் தொழிலாளிக்கும் கிடைக்காத 20 இலட்சம் அது. அவர்களது நுரையீரலிலிருந்து கழிக்கப்பட்டு ஒரு ஐரோப்பிய வங்கிக் கணக்கில் வரவு வைக்கப்படுகிறது. பழைய இரும்பின் வியாபாரம் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பது உண்மையில் பொறுப்பைக் கைகழுவும் வியாபாரமே.

கைகழுவும் முறையும் வெகு நுட்பமானது. உரிமையாளர் நேரடியாகக் கரைக்கு விற்கமாட்டார். துபாயிலோ சிங்கப்பூரிலோ அலுவலகம் வைத்திருக்கும் ‘ரொக்கக் கொள்வனவாளர்’ ஒருவருக்கு விற்பார். அவர் கப்பலுக்குப் புதிய பெயர் சூட்டுவார். அனேகமாக பழைய பெயரின் சில எழுத்துகளை அழித்தாலே போதும், வர்ணச் செலவு மிச்சம். பிறகு கொமரோஸ், பலாவு, சென் கிற்ஸ்-நெவிஸ் போன்ற குட்டித் தீவு நாடொன்றின் கொடியைச் சில வாரங்களுக்கு வாடகைக்கு எடுப்பார். ஐரோப்பிய ஒன்றியம் 2013 இல் கொண்டுவந்த ஒழுங்குவிதி, 2018 டிசெம்பர் 31 ஆம் திகதியிலிருந்து, ஒன்றிய நாடுகளின் கொடியுள்ள கப்பல்கள் அங்கீகரிக்கப்பட்ட தளங்களில் மாத்திரமே உடைக்கப்படவேண்டும் என்கிறது. தெற்காசியாவின் கடற்கரைத் தளம் எதுவும் அந்தப் பட்டியலில் ஏற்றுக்கொள்ளப்படவில்லை. கடுமையான சட்டம்தான். ஆனால், அது கொடியைப் பார்க்கிறது, கொடியோ கழற்றி மாட்டக்கூடிய துணி. சுடுகாட்டுக்குப் போகும் வழியில் பிரேதத்தின் குலத்தை மாற்றுவதைப் போன்ற இந்த வித்தைக்கு எந்த நாட்டிலும் பெரிதாகத் தண்டனை கிடைப்பதில்லை.

அபூர்வமாகக் கிடைத்ததுண்டு. 2017 பெப்ரவரியில் நோர்வேயின் கரையோரத்தில் இயந்திரம் நின்று தத்தளித்த கப்பலொன்றை அதிகாரிகள் மீட்டபோது, திருத்தவேலைக்குப் போவதாகச் சொல்லப்பட்ட அது உண்மையில் கதானிக்குப் போய்க்கொண்டிருந்தமை அம்பலமானது. உரிமையாளருக்கு 2020 இல் ஆறு மாதச் சிறை. 2022 இல் மேன்முறையீட்டிலும் தண்டனை உறுதியானது. எதிர்க்காற்று வீசியிராவிட்டால் அந்தக் கப்பலைப் பற்றி எவருக்கும் தெரிந்திராது. அதைவிட நான் முக்கியமாகக் கருதுவது லண்டனில் நடந்த வழக்கு. 2018 மார்ச்சில் சிட்டகொங்கில் எண்ணெய்க் கப்பலொன்றை வெட்டிக்கொண்டிருந்த தொழிலாளி ஒருவர் உயரத்திலிருந்து விழுந்து இறந்தார். அவரது மனைவி, அந்தக் கப்பலை விற்ற குழுமத்தின் பிரித்தானிய நிறுவனத்துக்கு எதிராக வழக்குத் தொடுத்தார். இடையில் கைமாறியது, கப்பல் எமதல்ல, இறந்தவர் எமது ஊழியருமல்ல என்று கூறி வழக்கைத் தொடக்கத்திலேயே தள்ளுபடி செய்யுமாறு நிறுவனம் கேட்டது. மேன்முறையீட்டு நீதிமன்றம் 2021 மார்ச்சில் மறுத்துவிட்டது. கிடைக்கும் விலையைப் பார்த்தே கப்பல் எந்தக் கரைக்குப் போகும் என்று விற்பவர் அறிந்திருந்தார் என்ற வாதம் விசாரிக்கத்தக்கதே என்று நீதியரசர்கள் கருதினார்கள். அதுவே இறுதித் தீர்ப்பல்ல. ஆனால், சங்கிலியின் மறுமுனையில் இருப்பவரை ஒரு விதவைப் பெண் பெயர்சொல்லி அழைக்கமுடிந்தது.

இந்த இடத்தில் எமது நாட்டு விவகாரம் ஒன்றைச் சொல்லாமல் இருக்கமுடியவில்லை. 2019 இல் கொழும்புத் துறைமுகத்தில் பிரித்தானியாவிலிருந்து வந்த குப்பைக் கொள்கலன்கள் பற்றி எழுந்த கூச்சல் வாசகர்களுக்கு நினைவிருக்கும். பழைய மெத்தை என்ற பெயரில் வந்தவற்றில் மருத்துவக் கழிவும் கிடந்தது. வழக்கு நடந்தது. ஆபத்தான கழிவுகளை எல்லைதாண்டி அனுப்புவது பற்றிய பாசல் சாசனம் எடுத்துக்காட்டப்பட்டது. கடைசியில் 263 கொள்கலன்களும் 2022 பெப்ரவரிக்குள் வந்த வழியே திருப்பியனுப்பப்பட்டன. நாமெல்லாம் பெருமைப்பட்டோம், நானும் ஆசிரியத் தலையங்கம் எழுதினேன். ஆனால், அந்தக் கொள்கலன்களைச் சுமந்துவந்த கப்பல் வயதாகி, தன் உடலுக்குள்ளே கல்நாரும் எண்ணெய்க் கசடும் பாதரசமும் நிறைந்திருக்க, சூயஸிலிருந்து சிட்டகொங் நோக்கி தேவேந்திரமுனைக்குத் தெற்கால் கடந்துபோகும்போது அதை எவரும் கழிவு என்று சொல்வதில்லை. அது ‘மூலப்பொருள்’. கொள்கலனில் இருந்தால் குற்றம், கப்பலின் சுவரிலேயே இருந்தால் வர்த்தகம்.

இங்கேதான் ஹொங்கொங் சாசனத்தின் சூட்சுமம். பாசல் சாசனத்தின்படி கழிவுக் கப்பலும் கழிவுதான். செல்வந்த நாடுகள் ஆபத்தான கழிவை வறிய நாடுகளுக்கு அனுப்பக்கூடாது என்ற அதன் தடைத் திருத்தம் 1995 இல் ஏற்றுக்கொள்ளப்பட்டு 2019 டிசெம்பரில் நடைமுறைக்கு வந்தது. அது கழுத்தை இறுக்கும் என்பதை உணர்ந்த கப்பல்துறைக்கு ஹொங்கொங் சாசனம் வாசலொன்றைத் திறந்துவைத்திருக்கிறது. கப்பலில் உள்ள ஆபத்தான பொருட்களின் பட்டியல் வேண்டும், தளத்துக்கு அங்கீகாரம் வேண்டும் என்கிறது, நல்லது. ஆனால், கரையில் ஏற்றுவதைத் தடுக்கவில்லை. கழிவு தளத்தின் வாயிலைத் தாண்டிய பின்னர் எங்கே கொட்டப்படுகிறது என்று கேட்கவில்லை. கடமைகளைக் கொடி நாட்டின் மீதும் உடைக்கும் நாட்டின் மீதும் சுமத்திவிட்டு, இலாபம் பெற்ற உரிமையாளரிடம் செலவுக்கு ஒரு சதமும் கேட்கவில்லை. இரண்டு சாசனங்களும் சமமான கட்டுப்பாட்டைத் தருகின்றனவா என்று 2011 இல் கார்ட்டஹேனாவில் கூடிய பாசல் சாசன நாடுகள் விவாதித்து இணக்கப்பாட்டுக்கு வரமுடியாமல் கலைந்தன. அந்தக் கேள்வியை மறக்கச்செய்வதற்குத்தான் ‘மீள்சுழற்சி’ என்ற சொல் இவ்வளவு உரத்து ஒலிக்கிறது.

அலங்கில் எதுவுமே மாறவில்லை என்று சொன்னால் அது பொய். பல தளங்களில் சீமெந்துத் தரை போடப்பட்டிருக்கிறது, தலைக்கவசம் வந்திருக்கிறது, இந்தியா 2019 இல் கப்பல் மீள்சுழற்சிச் சட்டம் இயற்றியது. இவை நடந்தது கப்பல் முதலாளிகளின் கருணையால் அல்ல, வழக்குகளாலும் கூச்சல்களாலும். ஆனால், சீமெந்துத் தரைக்கு வருவதற்கு முன்னர் கப்பலின் முதல் வெட்டு அலையடிக்கும் சேற்றில்தான் விழுகிறது. அந்தச் சேற்றுக்குச் சீமெந்து போட முடியாது.

வேறு வழி இல்லையா என்பவர்களுக்கு ‘கிளெமன்சோ’வை நினைவூட்டலாம். பிரான்ஸின் அந்த விமானந்தாங்கிக் கப்பல் 2005 இன் கடைசி நாளில் தூலோன் துறைமுகத்திலிருந்து அலங் நோக்கி இழுத்துச்செல்லப்பட்டது. உள்ளே எவ்வளவு கல்நார் இருக்கிறது என்று பிரெஞ்சு அரசாங்கத்துக்கே சரியாகச் சொல்ல முடியவில்லை. இந்தியாவில் வழக்கு, பிரான்ஸில் வழக்கு, கிறீன்பீஸின் ஆர்ப்பாட்டம். 2006 பெப்ரவரியில் ஜனாதிபதி ஜாக் சிராக் அதைத் திருப்பியழைத்தார். ஈற்றில் இங்கிலாந்தின் ஹாட்டில்பூலில், உலர்தளத்தில் வைத்து, 2009-2010 காலத்தில் அது பிரிக்கப்பட்டது. எவரும் கரையில் சாகவில்லை. கூடுதலாகச் செலவானது என்பார்கள். ஆம், அதுதான் அதன் உண்மையான செலவு. இதற்கு முன்னர் அதை வேறு யாரோ தமது உடலால் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

அந்த உலர்தளம் ஹாட்டில்பூலில்தான் இருக்கவேண்டும் என்றில்லை. சிட்டகொங்கிலும் பாவ்நகரிலும் அமைக்கலாம், அதே தொழிலாளர்களுக்கு அதே வேலையைக் கொடுக்கலாம். அதற்கான பணத்தை வங்காளத்து வரியிறுப்பாளர் தரவேண்டியதில்லை. உலகத் துறைமுகங்களுக்குள் நுழையும் ஒவ்வொரு கப்பலிடமிருந்தும், எந்தக் கொடியாக இருந்தாலும், அதன் இறுதிச்சடங்குக்காக ஒரு கட்டணத்தை வருடாவருடம் அறவிட்டு, முறையான தளத்தில் உடைத்தால் மாத்திரம் திருப்பிக்கொடுப்பது சாத்தியமான ஒன்றே. ஐரோப்பிய ஆணைக்குழு 2016 இல் இப்படியொரு யோசனையை ஆய்வுசெய்தது. கப்பல்துறை எதிர்த்தது. யோசனை இறாக்கையில் ஏறியது.

கப்பல் உரிமையாளர்களின் சர்வதேச அமைப்பான பிம்கோ, 2032 வரையான பத்து ஆண்டுகளில் 15,000 இற்கும் அதிகமான கப்பல்கள் உடைப்புக்கு வரும் என்று 2023 இல் மதிப்பிட்டது. முந்திய பத்து ஆண்டுகளில் வந்ததைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். அந்த மதிப்பீட்டை வெளியிட்டபோதும் அவர்கள் பயன்படுத்திய சொல் ‘மீள்சுழற்சி’தான். நான் இன்றும் வாரத்தில் சில நாட்கள் ஒரு செய்தி மேசைக்குப் போகிறேன். இளம் உதவி ஆசிரியர் ஒருவர் கடந்த மாதம் இப்படியொரு செய்தியைத் தமிழாக்கி என்னிடம் தந்தார். அந்தச் சொல்லை அடித்துவிட்டு ‘கப்பலுடைப்பு’ என்று எழுதிக் கொடுத்தேன். “ஐயா, அகராதியில் அப்படி இல்லையே” என்றார். பாட்டியாரியில் வாங்காகக் கிடந்த அந்த நோர்வேப் பலகையைப் பற்றி அவருக்குச் சொல்லத் தொடங்கினேன். பக்கம் மூடும் நேரமாகிவிட்டது, பாதியில் எழுந்துபோய்விட்டார்.